கைச்செலவுக்கும் ஒரு கணக்கு: கண்டிப் பகுதி வீடுகளின் வரவுசெலவு

மாதத்துக்கு வரும் பணத்தை, அது கைக்கு வருவதற்கு முன்னரே, இன்ன தேவைக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதிவைப்பதே குடும்ப வரவுசெலவுத் திட்டம். எழுதும் வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். எழுதியதை மாதக் கடைசிவரை காப்பாற்றுவதுதான் கடினம். கண்டி நகரத்திலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கிராமங்களிலும் ஒரு வீட்டின் திட்டம் அரிசியாலோ பருப்பாலோ உடைவது அபூர்வம். அவற்றின் விலை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திட்டத்தில் பெயரே இல்லாத சில்லறைச் செலவுகளும், ஆண்டில் ஒருமுறை வந்து மொத்தமாகப் பணம் கேட்கும் செலவுகளுமே அதை உடைக்கின்றன. இரண்டுக்கும் கொப்பியில் இடம் கொடுத்துவிட்டால் மீதி வேலை பெரிதல்ல.

திட்டம் எந்தத் திகதியில் தொடங்க வேண்டும் என்பது முதற் கேள்வி. நாட்காட்டியின் முதலாம் திகதி பல வீடுகளுக்குப் பொருந்தாது. அரச ஊழியருக்கும் ஆசிரியருக்கும் சம்பளம் பெரும்பாலும் மாதத்தின் பிற்பகுதியில் வருகிறது. தோட்டத் தொழிலாளரின் சம்பள நாள் தலைமுறைகளாகப் பத்தாம் திகதி. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவ, இரங்கலைப் பக்கத்துச் சிறு நகரங்களின் கடைத்தெருக்கள் அந்த நாளை ஒட்டியே நிறைகின்றன. நகரத்துக் கடைகளில் நிற்கும் இளைஞர்களில் பலருக்கு வாரக் கூலி. ஓட்டோ ஓட்டுபவருக்கு அன்றாட வருமானம், அதிலும் மழை நாளுக்கும் பெரஹெரா நாளுக்கும் ஒரே தொகை வராது. கட்டாரிலோ குவைத்திலோ ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் பணம் வரும் நாள், அங்கே முதலாளி சம்பளம் கொடுக்கும் நாளைப் பொறுத்தது. ஆகவே திட்டத்தின் மாதம் பணம் வரும் நாளில் தொடங்கி, அடுத்த பணம் வரும் நாளுக்கு முந்திய இரவில் முடிய வேண்டும். ஒரே வீட்டில் கணவன் ஓட்டோ ஓட்டுபவராகவும் மனைவி பாலர் பாடசாலை ஆசிரியையாகவும் இருந்தால், மாதச் சம்பளத்தை வாடகை, பாடசாலை, மின்சாரம், தவணை என்ற நிலையான செலவுகளுக்கும், அன்றாட வருமானத்தைச் சமையலறைக்கும் ஒதுக்குவது சுலபமான ஏற்பாடு. அன்றாடம் மாறும் பணத்தைத் தவணைக்கு நம்பியிருப்பதும், மாதத்தில் ஒருமுறை மட்டும் வரும் பணத்தை அன்றாடக் கறிக்கு உடைப்பதும் தொல்லையில் முடியும்.

எவ்வளவு வருகிறது என்பதைக் கணக்கிடும்போது சராசரிகளை நம்பிப் பயனில்லை. குடித்தொகை மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி இலங்கைக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். ஆனால் வருமான வரிசையின் நட்ட நடுவே நின்ற குடும்பத்துக்குக் கிடைத்தது 53,333 ரூபாய்தான். மேல்தட்டில் சிலரிடம் சேர்ந்த பணம் சராசரியை மேலே இழுத்துவிடுகிறது. அதே ஆய்வில் சராசரிச் செலவு 63,130 ரூபாய். நடுவில் நின்ற குடும்பத்தின் வருமானத்தைவிடச் சராசரிச் செலவே பெரிது. பக்கத்து வீட்டைப் பார்த்துச் செலவுசெய்யும் வழக்கம் எந்த இடத்தில் ஆபத்தாகிறது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

செலவில் உணவின் பங்கு எவ்வளவு என்பது அடுத்த அளவுகோல். சாக்சனியின் புள்ளியியலாளர் ஏர்ன்ஸ்ட் எங்கல் 1857இல் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளைப் படித்து, வருமானம் குறையக் குறைய உணவுக்குப் போகும் விகிதம் கூடுகிறது என்று காட்டினார். உலகின் எல்லாப் பகுதிகளிலும் சோதிக்கப்பட்டு நிலைத்த மிகச் சில பொருளியல் விதிகளில் அது ஒன்று. இலங்கை ஆய்வுகளிலும் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று துறைகளில் உணவின் பங்கு தோட்டத்திலேயே அதிகம். வருமானத்தில் பாதியளவு அரிசி, கோதுமை மா, பருப்பு, தேங்காய், கருவாடு என்று போய்விடும் வீட்டில், விலை ஏறும்போது குறைப்பதற்கு வேறு அதிகம் இருக்காது. பங்கு சிறிதாக உள்ள வீட்டில் இடமிருக்கிறது. சிக்கனத்தைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் இரண்டாவது வகை வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டு, முதலாவது வகை வீட்டுக்கு வாசித்துக் காட்டப்படுகின்றன.

இலங்கையில் சமையலறைக் கணக்கு அரசாங்கத்தையே அசைத்ததுண்டு. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். கூப்பன் அரிசியைக் கணக்கின் முதல் வரியாக எழுதிய தலைமுறை அது. 1979இல் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரைகள் பிடித்துக்கொண்டன.

இப்போதைய தலைமுறைக்கு அத்தகைய அனுபவம் 2022இன் பொருளாதார நெருக்கடி. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவில் மட்டும் 94.9 சதவீதம். முந்திய ஆண்டு 1,000 ரூபாய்க்கு நிறைந்த உணவுக் கூடைக்கு ஏறக்குறைய 1,950 ரூபாய் வேண்டியிருந்தது. ஏப்ரலில் 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் 2,675 ரூபாயிலிருந்து ஒரே தடவையில் 4,860 ரூபாயாயிற்று. குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜனவரியில் 17 ரூபாயாக இருந்து ஜூலையில் 40 ரூபாயைத் தொட்டது. 2023 ஜூலையில் பணவீக்கம் 6.3 சதவீதத்துக்கு இறங்கியது. இந்தச் செய்தியைப் பலர் விலை இறங்கியதாக விளங்கிக்கொண்டார்கள். இறங்கியது ஏறும் வேகம்தான். பெரும்பாலான பொருட்கள் ஏறிய படியிலேயே நின்றன. அதனால் 2021க்கு முந்திய தொகைகளை மனத்தில் வைத்துத் திட்டம் போடுபவர் ஒவ்வொரு மாதமும் தோற்றுப்போவார். தன் கட்டுப்பாடின்மைதான் காரணம் என்றும் நினைத்துக்கொள்வார். பல வீடுகளில் தவறு எழுதிய தொகையில் இருக்கிறது, செலவு செய்த கையில் இல்லை.

சில்லறைச் செலவை ஆராய்வதற்குக் கண்டிக்கு வந்துபோகும் ஒரு பயணத்தைப் பின்தொடர்ந்தால் போதும். திகனவிலிருந்தோ வத்தேகமவிலிருந்தோ தினமும் நகரத்துக்கு வேலைக்கு வரும் ஒருவர் மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் நிலையத்தில் இறங்குகிறார். இறங்கியதும் ஒரு பிளேன்டீயும் வடையும். வழியில் வெற்றிலைக் கூறு அல்லது ஒரு சிகரெட். லொத்தர் விற்பவர் கூப்பிட்டு நீட்டும் சீட்டு ஒன்று. பகல் சோற்றுப் பொதி வீட்டிலிருந்து வந்தாலும் நாலு மணிக்கு ஒரு ரோல்ஸ். கைபேசிக்கு ரீலோட். மழை பிடித்தால் தலதா வீதியிலிருந்து பஸ் நிலையம்வரை ஓட்டோ. வீட்டுக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பக்கற்று. இவற்றில் எதுவுமே ஊதாரித்தனம் என்று சொல்லத்தக்கதல்ல. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு.

கூட்டிப் பார்க்கும்போதே உருவம் தெரிகிறது. 2023 ஜூலையில் லொத்தர்ச் சீட்டின் விலை 20 ரூபாயிலிருந்து 40 ரூபாயாயிற்று. நாளொன்றுக்கு ஒரு சீட்டு வாங்குபவர் ஆண்டுக்கு 14,600 ரூபாய் கொடுக்கிறார். முன்னர் அதே பழக்கத்தின் விலை 7,300. பழக்கம் மாறவில்லை, விலைதான் இரண்டு மடங்காகியது. சீட்டு இன்னும் ஒற்றைத் தாளாகவே இருப்பதால் கைக்கு அது தெரிவதில்லை. தேநீருக்கும் கடிக்கும் நாளுக்கு 150 ரூபாய் என்று கொண்டால், 26 வேலைநாட்களுக்கு 3,900 ரூபாய். இவற்றோடு ஓட்டோவும் ரீலோட்டும் சேர்ந்தால், நடுத்தர வீடொன்றின் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் சமமான ஒரு தொகை பெயரில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஏன் அது கண்ணுக்குப் படுவதில்லை? பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985இல் எழுதிய ஆய்வொன்றில், மனிதர் பணத்தை ஒரே குவியலாக எண்ணாமல் மனத்துக்குள் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். 2017இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அரிசிக் கணக்கில் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடினால் இரண்டு கடை ஏறி விசாரிக்கும் அதே ஆள், 'வழிச்செலவு' என்ற கணக்கில் நூறு ரூபாயைக் கேள்வியில்லாமல் விடுகிறார். அந்தக் கணக்குக்கு யாரும் எல்லை போடவில்லை. எல்லை இல்லாத கணக்கு ஒருபோதும் மிஞ்சிப்போனதாகத் தெரியாது. வியாபாரிகள் இதை நன்றாக அறிவார்கள். ஷம்பு, சவர்க்காரத் தூள், பால்மா, கோப்பித் தூள் எல்லாம் சிறு பக்கற்றுகளாகப் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்குவதற்கு, கையில் காசில்லாத வீட்டுக்கு உதவுவது ஒரு காரணம், விலையை உறைக்காத அளவுக்குச் சிறிதாக்குவது மற்றொரு காரணம். கிராம் கணக்கில் பார்த்தால் சிறு பக்கற்று பெரும்பாலும் விலை கூடியது. கைபேசி டேட்டாவிலும் அதே கதைதான். ஒரு நாள், மூன்று நாள் பொதிகளைத் தொடர்ந்து போடுபவர் மாதப் பொதியைவிட அதிகம் கட்டுகிறார்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் மருந்து 'வீண்செலவை நிறுத்து' என்பது. அது வேலை செய்வதில்லை. முழுத் தடை பத்து நாள் நிற்கும், பதினோராம் நாள் உடையும், உடைந்தபின் அந்த மாதம் முழுவதும் கைவிடப்படும். உறுதியாக நிற்பது வேறொன்று. கைச்செலவு என்ற பெயரிலேயே திட்டத்தில் ஒரு தொகையை எழுதி, உழைப்பவர் ஒவ்வொருவருக்கும் வாரந்தோறும் காசாகக் கொடுத்துவிடுவது. அந்தக் காசுக்கு யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. தேநீரோ லொத்தரோ வெற்றிலையோ அவரவர் விருப்பம். காசு தீர்ந்தால் அடுத்த வாரம்வரை இல்லை, அவ்வளவுதான். வாரக் கணக்காகக் கொடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. மாதத் தொகையாகக் கொடுத்தால் முதல் பத்து நாளிலேயே கரைந்துவிடும். வீட்டிலிருக்கும் மனைவிக்கும் தாய்க்கும் இதே போல ஒரு தொகை வேண்டும். பல வீடுகளின் கணக்கில் அந்த வரி இருப்பதில்லை. அதனால்தான் சமையலறைக் காசிலிருந்து மறைவாக எடுத்துச் சேர்க்கும் வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்கிறது.

பாவனை கொஞ்சம் கூடினால் செலவும் கொஞ்சம்தான் கூடும் என்ற எண்ணம் பொய்க்கும் இடமும் உண்டு, மின்சாரப் பட்டியல். இலங்கையின் வீட்டுப் பாவனைக் கட்டணம் படிமுறையானது. மாதத்துக்கு 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 அலகு ஒரு விலை, அடுத்த 30 அலகு இன்னொரு விலை. 60ஐத் தாண்டியவுடன் அந்த மலிவான முதற் படி இல்லாமலே போய், முதல் 60 அலகும் வேறொரு விலையில் கணக்கிடப்படுகின்றன. நிலையான கட்டணமும் உயர்கிறது. அறுபத்தோராவது அலகுக்கு மட்டும் பணம் கூடும் என்று நினைத்திருப்பவர், தாண்டிய அந்த ஓர் அலகுக்காக முந்திய அறுபதுக்கும் சேர்த்துக் கட்டுகிறார். 60 அலகு என்பது நாளுக்கு இரண்டு அலகு. சிறிய குளிர்சாதனப் பெட்டி ஒன்றே நாளுக்கு ஏறக்குறைய ஓர் அலகு எடுத்துவிடும். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி ஒரு மணி நேரம் இடைவிடாமல் மின்சாரம் எடுத்தால் ஓர் அலகு. ஆகவே பாடசாலைச் சீருடைகளை நாளுக்கொன்றாக அல்லாமல் ஞாயிறு மாலை ஒன்றாக இஸ்திரி போடுவது, கேத்தலில் வேண்டிய அளவு தண்ணீரை மட்டும் கொதிக்கவைப்பது போன்றவற்றின் பலன், எல்லைக்கு அருகே நிற்கும் வீட்டில் எதிர்பார்ப்பதைவிடப் பெரிது. மாதத்தின் நடுவில் ஒருமுறை மானியைப் பார்ப்பது போதும். பதினைந்தாம் நாளில் முப்பதைத் தாண்டியிருந்தால் மீதி நாட்களில் திருத்திக்கொள்ளலாம். பட்டியல் வந்தபின் பார்ப்பதில் பயன் ஏதும் இல்லை. இந்தக் கட்டணங்கள் ஓரிடத்தில் நிற்பவையும் அல்ல. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்து, பின்னர் பல தடவை ஏறி இறங்கி, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்து, அதே ஆண்டு ஜூனில் 15 சதவீதம் கூடின.

சாமான் வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை பலருக்கும் தெரிந்தவை, ஆகவே சுருக்கமாகச் சொல்லலாம். எழுதிய பட்டியலோடு போவது, பசியோடு போகாமலிருப்பது, மரக்கறியைச் சந்தையிலும் உலர் உணவை விலை ஒப்பிட்ட கடையிலும் வாங்குவது. நுவரெலியாவிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் வரும் மரக்கறியின் விலை மழையோடு ஏறி இறங்கும். லீக்ஸ் விலை ஏறிய வாரத்தில் லீக்ஸையே வாங்கவேண்டும் என்று எந்தத் திட்டமும் சொல்லவில்லை. பொதியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் குற்றம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கும் பழக்கம் அங்கே உதவும். 2025 நவம்பர் முதலாம் திகதி முதல் பொலித்தீன் பைக்கும் தனியாகக் காசு அறவிட்டுப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்று ஆனபிறகு, வீட்டிலிருந்து பன்பையோ துணிப்பையோ எடுத்துப்போகும் பழைய வழக்கம் கணக்கிலும் திரும்பி வந்திருக்கிறது. பெரிய அங்காடிகளின் வார இறுதி வங்கி அட்டைக் கழிவு, எழுதிய பட்டியலில் இருக்கும் பொருளுக்கு மட்டுமே சேமிப்பு. பட்டியலில் இல்லாத பொருளை 25 சதவீதக் கழிவில் வாங்கினால் 75 சதவீதம் செலவாகியிருக்கிறது.

எழுதும் பழக்கத்துக்கு ஜப்பானில் ஒரு முன்னோடி உண்டு. பத்திரிகையாளராக இருந்த ஹானி மொத்தோகோ 1904இல் வீட்டுப் பெண்களுக்கான கணக்குப் புத்தகம் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். 'கக்கெய்போ' என்ற பெயரில் அந்த வழக்கம் இன்றும் ஜப்பானிய வீடுகளில் உண்டு. அதன் சாரம் மிக எளிது. செலவை அன்றன்றே கையால் எழுதுவது, மாதக் கடைசியில் உட்கார்ந்து பார்ப்பது. கைபேசிச் செயலிகள் இந்த வேலையைச் சுருக்கிவிட்டன. ஆனால் எழுதும் கை ஒரு கணம் தயங்குவதில்தான் பாதிப் பலனும் இருக்கிறது. நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். எல்லாவற்றையும் என்றென்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. இரண்டு மாதம் ஒழுங்காக எழுதினால் ஓட்டை எங்கே என்பது தெரிந்துவிடும். அதன்பின் அந்த ஒரு வகையை மட்டும் எழுதினால் போதும்.

கணக்குக் கொப்பி வீட்டின் கையில் இருப்பது மலையகத்தில் சாதாரண விடயமாக ஒருகாலத்தில் இருக்கவில்லை. கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கியதற்கு முன்னரே, கோப்பிக் காலத்திலிருந்து, தொழிலாளரின் கணக்கு, ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த தலைக்கங்காணியிடமும் தோட்டக் கந்தோரிலும் இருந்தது. வழிச்செலவும் முற்பணமும் கடனாக ஏறின. கொடுக்கப்பட்ட அரிசியின் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் அந்தக் கடனைக் குறித்த 'துண்டு' வேண்டும், கடனைப் புதிய தோட்டம் பொறுப்பேற்க வேண்டும். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தன் கடன் எவ்வளவு என்பதே தொழிலாளிக்குத் தெரியாதிருந்த காலத்தை நினைத்தால், சம்பளச் சீட்டின் கழிவுகளை வரிவரியாக வாசித்துப் பார்க்கும் இன்றைய பழக்கத்தின் பெறுமதி விளங்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், சங்கச் சந்தா, தீபாவளி முற்பணத்தின் தவணை, கோயில் காசு, மற்றும் பல. கையில் வருவது வேறு, சீட்டின் தலையில் இருப்பது வேறு. திட்டம் கையில் வருவதிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆண்டில் ஒருமுறை வரும் செலவுகளுக்கு வருவோம். தைப்பொங்கல், பாடசாலைத் தொடக்கத்தில் சப்பாத்தும் கொப்பியும், சித்திரைப் புத்தாண்டு, முஸ்லிம் வீடுகளில் நோன்பும் பெருநாளும், ஆடி ஆவணியில் எசல பெரஹெராவுக்கு வந்து தங்கும் உறவினர், தோட்டத்துக் கோயில் திருவிழா, தீபாவளி, நத்தார். இடையிடையே கலியாண வீட்டு மொய்யும் சாமத்தியச் சடங்கும் செத்த வீட்டுச் செலவும். இவற்றில் எதுவும் திடீரென்று வருவதில்லை. தீபாவளி ஐப்பசியில் வருவது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் அது எதிர்பாராத செலவாகவே சந்திக்கப்படுகிறது. ஆண்டுக்குரிய இந்தச் செலவுகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, வந்த எண்ணை மாதத் திட்டத்தின் நிலையான வரியாக்குவதே வழி. 60,000 ரூபாய் என்றால் மாதம் 5,000. அந்தக் காசு வீட்டிலிருக்கும் டப்பாவில் நிற்காது. தேசிய சேமிப்பு வங்கியிலோ தபாலகத்திலோ தனிக் கணக்கில் போட்டால் நிற்கும். எடுக்கப் போவதற்குள்ள சிரமமே அங்கே காவல். தோட்டங்களில் தீபாவளி முற்பணம் இந்த வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. முதலில் செலவு, பிறகு பத்து மாதமளவுக்குக் கழிவு. வட்டி இல்லை என்பது நல்லது. கழிவு ஓடும் மாதங்களில் கடைக் கொப்பியில் ஏறும் கடனுக்குத்தான் விலை உண்டு.

செத்த வீட்டுக்கு மட்டும் இந்தப் பகுதி மக்கள் பழைய, திறமையான ஏற்பாடு ஒன்றை வைத்திருக்கிறார்கள், மரண உதவிச் சங்கம். மாதத்துக்குச் சிறு சந்தா, வீட்டில் மரணம் நேர்ந்தால் கையோடு ஒரு தொகையும் கொட்டகை, கதிரை முதலியவையும். காப்புறுதித் தத்துவத்தைப் புத்தகத்தில் படிக்காதவர்கள் அதைத் தெருத்தெருவாக நடத்திவருகிறார்கள்.

மாதச் சீட்டுப் பிடிப்பதும் அப்படிப்பட்டதே. பன்னிரண்டு பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டினால் மாதந்தோறும் ஒருவருக்கு 60,000 ரூபாய். கடைசியில் எடுப்பவருக்கு அது வெறும் சேமிப்பு, முதலில் எடுப்பவருக்கு வட்டியில்லாக் கடன். தானாகச் சேமிக்க முடியாதவரையும் சீட்டு சேமிக்கவைக்கிறது, கட்டாவிட்டால் பத்துப் பேருக்கு முகம் காட்ட முடியாது. ஏலச்சீட்டில் கழிவு அதிகமாக விட்டு அவசரத்துக்கு எடுப்பவர், எடுக்காத தொகைக்கும் தவணை கட்டுகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சீட்டுப் பிடிப்பவர் ஓடிவிட்டால் முறையிட வழி குறைவு. தெரிந்த ஆட்கள், சிறு வட்டம், பெருநாளுக்கு முன்னர் முடியும் காலவரை என்ற மூன்றும் இருந்தால் சீட்டு பயன்படும்.

கூட்டுறவுச் சிக்கனத்தின் இலங்கை வரலாறும் இதே மண்ணில்தான் தொடங்குகிறது. 1906இல் கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பகுதியில் ஆரம்பித்த கடனுதவிச் சங்கம் நாட்டின் முதலாவதாகக் கொள்ளப்படுகிறது. அத்தகைய சங்கங்களுக்கான சட்டம் 1911இல் வந்தது. பின்னர் தளர்ந்துபோன இயக்கத்தை 1978இல் பி. ஏ. கிரிவந்தெனிய 'சணச' என்ற பெயரில் மீண்டும் கட்டியெழுப்பினார். உறுப்பினர் முதலில் சேமிக்க வேண்டும், பிறகுதான் கடன். கடன் கேட்பவரைத் தெரிந்த அயலவரே தீர்மானிக்கிறார்கள். நுண்கடன் நிறுவனங்கள் அந்த ஒழுங்கைப் புரட்டிப்போட்டன. குழுவாகச் சேர்ந்த பெண்களுக்கு வீட்டு வாசலில் கடன், வாரத் தவணை, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தபோதும் கட்டுக்கடங்கவில்லை. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களுடைய ஒரு லட்சம் ரூபாய் வரையான கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அந்த ஆண்டு டிசெம்பரில் மத்திய வங்கி, உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்ற உச்சவரம்பை விதித்தது. உச்சவரம்பே 35 என்பதை நினைவில் வைத்தால், வாரத் தவணை ஒன்றைத் திட்டத்தில் சேர்க்கும்முன் பேனா தயங்கும். தேநீரில் மிச்சம் பிடித்து அந்த வட்டியைக் கட்ட முடியாது.

இங்கேதான் சிக்கனப் பேச்சின் எல்லையும் வருகிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயிலிருந்து 1,350 ரூபாயாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் 25 நாள் முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி, விழுந்தால் 33,750 ரூபாய், சேமலாப நிதிக் கழிவுக்குப் பின் 31,050. பறித்த கொழுந்தின் கிலோ குறைந்து அரைப்பேர் விழும் நாட்களும், தோட்டம் வேலையே கொடுக்காத நாட்களும் இதில் கழிய வேண்டும். இத்தகைய வருமானத்தில் மூன்று பிள்ளைகளோடு வாழும் வீட்டுக்கு மாலை ரொட்டியோடு ஒரு தேநீரைக் குறைக்கச் சொல்வது அறிவுரையாகாது. அங்கே திட்டத்தின் வேலை வேறு. வட்டிக் கடனைத் தள்ளிவைப்பது, அடகு வைத்த நகையின் தவணைத் திகதி தப்பாமல் பார்ப்பது, கடைக் கொப்பியைப் பத்தாம் திகதியில் தீர்ப்பது. குறைக்கக்கூடிய செலவு ஒன்று அங்கும் இருப்பதுண்டு, சாராயம். அதைச் சில்லறைச் செலவு என்று மழுப்பக் கூடாது. மனைவியின் சம்பளத்தையும் கணவனே கந்தோரில் வாங்கிவரும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. சம்பளம் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகும் இடங்களில் வீட்டுப் பணத்தைப் பற்றிய பேச்சில் மனைவியின் பலம் கூடியிருக்கிறது.

திட்டத்தைத் திருத்தும் நாட்களும் முன்னரே தெரிந்தவை. எரிபொருள் விலை மாதக் கடைசி இரவில் அறிவிக்கப்படுகிறது. எரிவாயு விலை மாதத் தொடக்கத்தில். மின்கட்டணம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு தீர்மானிக்கும்போது. இவை மூன்றும் மாறிய மாதத்தில் பழைய தொகைகளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதி, கூடிய தொகை எந்த வரியிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். அந்த வரி கைச்செலவாக இருக்குமானால், குறைப்பு வீட்டில் உழைக்கும் எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒருவருடையதை மட்டும் குறைத்த திட்டம் அடுத்த சம்பள நாள்வரை நின்றதாகக் காணமுடிவதில்லை.